உமிச்சூடு

இருநூற்று நாற்பது முட்டைகளில் நூறு வரை பார்த்த பிறகு றுமைஸா கைபேசியின் வெளிச்சத்தை அணைத்தாள். மிச்சத்தைப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பதினொரு நாள் முட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சிவப்பு நூல் நூலாக நரம்பு ஓடியிருக்க வேண்டும். இவற்றில் நரம்பு அறுந்து, ஓட்டின் உட்புறத்தில் கறுத்த வளையமாக ஒட்டிக் கிடந்தது. ஒன்றை உடைத்துப் பார்த்தாள். கண் வைத்திருந்தது. உடம்பைவிடக் கண்தான் பெரிதாய், கறுப்பாய்த் தெரிந்தது. உடைத்த ஓட்டை உள்ளங்கையில் ஏந்தியபடி குசினிக்குப் பின்னால் தென்னையடியில் போய் இருந்துவிட்டாள்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி அது. கரண்ட் வெட்டு முதலில் இரண்டு மணித்தியாலம் என்றார்கள். பிறகு ஐந்து, பிறகு பத்து, கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம். காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் வீதியில், இருபுறமும் வயல் சூழ்ந்த மாவடிப்பள்ளியில், கரண்டை நம்பி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அந்த முட்டைப் பெட்டி. பெட்டி என்றால் பெரிய மெஷின் ஒன்றுமில்லை. கல்முனையில் பழைய இரும்புக் கடையில் கிடந்த பிரிட்ஜின் வெறுங்கூடு. உள்ளே நாலு பல்ப், ஒரு சின்னக் காற்றாடி, ஒரு தெர்மாமீட்டர், தண்ணீர் வைக்க ஒரு பீங்கான். மூன்று நாளாகச் சுடுதண்ணீர்ப் போத்தல்களை உள்ளே அடுக்கி, மேலே கம்பளி போர்த்தி, அவள் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினாள். லாம்புக்கு ஊற்ற மண்ணெண்ணெய் தேடி மூன்று ஊர் நடந்தாள். ஒரு போத்தலும் கிடைக்கவில்லை.

மாவடிப்பள்ளியிலும் காரைதீவிலுமாக முப்பத்திரண்டு வீட்டுப் பெண்கள் தங்கள் நாட்டுக்கோழி முட்டைகளை அவளிடம் கொடுப்பார்கள். பத்து முட்டைக்கு ஆறு குஞ்சு அவர்களுக்கு. அதற்குமேல் பொரிப்பது அவளுக்கு. அவள் அந்தக் குஞ்சுகளை ஒரு மாதம் வளர்த்துக் கல்முனைச் சந்தையில் கொடுப்பாள். சின்ன வியாபாரம்தான். ஆனால் அந்த மாதம் முட்டை என்பது முட்டை மட்டும் அல்ல. பால்மா இல்லை, மீன்காரன் வள்ளத்துக்கு எண்ணெய் இல்லாமல் கரையில் இருந்தான், போன போக வயல் உரமில்லாமல் பதராகிப்போயிருந்தது. பெண்கள் பிள்ளைகளின் வாயிலிருந்து எடுத்துத்தான் அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

புருஷன் இன்ஸாப் மேசன் வேலைக்காரன். சீமெந்து இல்லாமல் இரண்டு மாதமாக அவனுக்கு வேலையில்லை. அவன்தான் மண்வெட்டியை எடுத்து வளவின் மூலையில் கிடங்கு வெட்டினான். கடகம் கடகமாக முட்டைகளைக் கொட்டி மண் போட்டு மிதித்த பிறகு, தென்னையடிக்கு வந்து அவள் முன்னால் குந்தினான்.

"புள்ள, இத்தோட நிப்பாட்டு."

றுமைஸா உள்ளங்கையிலிருந்த ஓட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"முதல் வருசம் தண்ணி வைக்கத் தெரியாம குஞ்செல்லாம் ஓட்டோட ஒட்டிச் செத்திச்சு. விட்டியா? விடல்ல. வெள்ளம் வந்து வீட்டுக்குள்ள முழங்காலளவு தண்ணி. பெட்டியக் கட்டில்ல ஏத்திப்போட்டு ரெண்டு நாள் அதுக்குப் பக்கத்துல குந்தியிருந்தாய். விட்டியா? விடல்ல. புறகு சீக்கு வந்து, வளத்த இருநூறும் ஒரு கிழமைக்குள்ள சரிஞ்சிச்சு. அதையும் நான்தான் தாட்டன். ஒவ்வொரு முறையும் நான்தான் கிடங்கு வெட்டுறன். என்ட கைக்கு ஏலா புள்ள இனி."

"நீங்க வெட்டின கிடங்கெல்லாம் எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா?"

"முதல்ல நான் போய்ச் சொல்லணும்."

"ஆருக்கு?"

"முட்ட தந்த ஆக்களுக்கு."

அவள் எழுந்து, கையிலிருந்த ஓட்டைத் தென்னையடியில் புதைத்து, முகம் கழுவி, அபாயாவைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்தாள்.

முப்பத்திரண்டு வீடு. இரண்டு நாள் நடந்தாள். கைபேசியில் சொல்லியிருக்கலாம், யாராவது ஒருத்தியிடம் சொன்னால் அவளே ஊரெல்லாம் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் ஒவ்வொரு படலையிலும் நின்று, ஆளைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "உங்கட முட்ட செத்துட்டு. கரண்ட் இல்லாமப் போய்த்தான் செத்திச்சு, ஆனா என்ட கையிலதான் செத்திச்சு. உங்கட குஞ்ச நான் தருவன். எப்ப எண்டு சொல்ல ஏலா. தருவன்." முப்பத்திரண்டு தரமும் இதே சொற்கள்.

அநேகம் பேர் "அல்லாஹ்ட நாட்டம்" என்று சொல்லி அனுப்பினார்கள். மில்லுக்குப் பின்னால் இருக்கிற றுஸ்னா மட்டும், இடுப்பில் பிள்ளையோடு வந்தவள், கேட்டதும் கொதித்துப்போனாள்.

"இருவது முட்ட தந்தன் றுமைஸா ராத்தா. இந்தப் புள்ளைக்கு ஒண்டு அவிச்சிக் குடுத்திருந்தா இருவது நாளைக்குக் காணும். நீங்க தருவன் எண்டுறீங்க. எப்பிடித் தருவீங்க? கரண்ட உங்கட வாப்பாவா தரப்போறாரு?"

றுமைஸா பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். "தருவன்" என்றாள் திரும்பவும்.

கடைசி வீடு காரைதீவில், அன்னப்பிள்ளையுடையது. ஐம்பது வயதிருக்கும். புருஷனின் வயல் அந்தப் போகம் வாயும் வயிறுமாக நின்று கருகிப்போக, கோழிகளை வைத்துத்தான் வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது முட்டை கொடுத்தவள். றுமைஸா சொல்லி முடிக்கும்வரை முற்றம் கூட்டிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"சாப்பிட்டயா புள்ள?"

"இல்லக்கா. பசியில்ல."

"பசியில்லாமலா முகம் இப்பிடிக் கிடக்கு? இரு." உள்ளே போய் ஒரு தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கொண்டுவந்தாள். "கோழிக்கு ஆரு கா கரண்ட் குடுத்தது? அது குந்திப் பொரிக்குது. உனக்குச் சூடுதானே வேணும். தேடு. கிடைச்சா வந்து சொல்லு, முட்ட தாறன்."

"திரும்பவும் தருவீங்களா?"

"நீ ஒளிச்சிருந்தாத் தரமாட்டன். வாசலுக்கு வந்து நிண்டாய்தானே."

நோன்பு பிறந்தது. காஸ் சிலிண்டர் வரிசை கல்முனை வீதியில் வளைந்து வளைந்து நின்றது. றுமைஸாவின் வளவில் இரண்டு வீடு. முன்வீடு அவளுடையது, பின்வீடு மூத்த சகோதரி ஹாஜறாவுடையது. ஹாஜறா புருஷனை இழந்தவள், முழங்கால் வலிக்காரி, வாய்க்கு மட்டும் ஒரு நோவும் இல்லை. விறகைச் சேமிக்க இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு என்று முடிவு செய்திருந்தார்கள். மத்தியானம் லுஹருக்குப் பிறகு, சுள்ளி காய்ந்திருக்கிற நேரம், நோன்புக் கஞ்சியைக் காய்ச்சிவிடுவார்கள். நோன்பு துறக்கும்போது அது ஆறிப்போயிருக்கும். திரும்பச் சூடாக்க விறகில்லை.

மூன்றாம் நோன்பன்று றுமைஸா ஒரு வேலை செய்தாள். குஞ்சுகளுக்குக் கீழே பரப்பவென்று மில்லிலிருந்து கொண்டுவந்த உமி இரண்டு சாக்கு சும்மா கிடந்தது. ஒரு மரப்பெட்டியில் உமியைக் கொட்டி, நடுவில் குழி பறித்து, கஞ்சிப் பானையை மூடியோடு புதைத்து, மேலேயும் உமியைப் போட்டுச் சாக்கால் மூடினாள். பொழுதுபட மஃரிப் பாங்கு சொன்னதும் திறந்தாள்.

இன்ஸாப் முதல் வாய் வைத்தவுடன் கோப்பையைக் கீழே வைத்தான். "வாய் வெந்திட்டு! எப்ப காய்ச்சின?"

"லுஹருக்கு."

"பொய் சொல்லாத."

ஹாஜறா தன் கோப்பையை ஊதிக் குடித்தாள். "அஞ்சு மணித்தியாலம் கா! உமிக்குள்ள என்ன ஜின்னா இருக்கு?"

றுமைஸா பேரீச்சம்பழத்தைக் கடித்தபடியே இருந்தாள். கஞ்சி குடிக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், பானை இருந்த குழிக்குள் கையை முழங்கை வரை விட்டு, அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். இன்ஸாப் ஹாஜறாவைப் பார்த்தான். ஹாஜறா தலையில் அடித்துக்கொண்டாள்.

"தொடங்கிட்டாள்" என்றாள்.

முதல் முயற்சிக்குத் தன் கோழிகளின் முட்டை பன்னிரண்டைத்தான் வைத்தாள். தாச்சியில் உமியை வறுத்து, சுடச்சுட முட்டைகளைச் சுற்றிப் போட்டு, பெட்டியை மூடினாள். அடுத்த நாள் பின்னேரம் அசருக்குத் திறந்து ஒன்றை உடைத்தாள். வெள்ளைக்கரு கெட்டியாகி, மஞ்சள்கரு அரைவேக்காட்டில் நின்றது.

"அடை வைக்கிறன் எண்டாள், அவிச்சி வெச்சிரிக்காள்" என்று ஹாஜறா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு வேலியில் இரண்டு தலை தெரிந்தது. அன்று நோன்பு துறக்க முட்டையும் சம்பலும் பாணும். இன்ஸாப் மூன்று முட்டை சாப்பிட்டான். றுமைஸா ஒன்றைத் தோலுரித்து, நாலாக வெட்டி, வெட்டின முகத்தை வெகுநேரம் பார்த்தாள். ஓட்டுப் பக்கம் வெந்திருந்த அளவு, உள்ளே வெந்திருந்த அளவு, எந்தப் பக்கம் அதிகம் என்றெல்லாம். கணவனுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் முட்டையே வைக்கவில்லை. வெறும் உமியோடு வேலை செய்தாள். உமியை நேரே போடாமல் பழைய சாறன் துணியில் பை தைத்து அதில் கட்டினாள். பைச்சூடு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தெர்மாமீட்டரை நுழைத்துப் பார்த்தாள். மரப்பெட்டி காணாது என்று, இன்ஸாப் வேலைத்தலங்களில் தண்ணீர் நிரப்பி வைக்கும் வாயகன்ற நீலப் பீப்பாயைக் கேட்டாள்.

"அது என்ட தொழில் சாமான்."

"வேல வந்தாத் தாறன்."

அவன் கொடுத்தான். பீப்பாய்க்குள் ஒரு நீளக் கூடையை இறக்கி, இரண்டுக்கும் நடுவில் உமியை இடித்து இறுக்கினாள். கூடைக்குள் ஒரு அடுக்கு சூட்டுப்பை, ஒரு அடுக்கு முட்டைப்பை, மறுபடி சூட்டுப்பை. தெர்மாமீட்டர் அது குத்தியிருக்கிற இடத்தை மட்டும்தான் சொல்லியது. கையால் பார்த்தால் தெரியவில்லை. விறகும் சாம்பலும் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கழுத்தில் வைத்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு முட்டையை மூடிய கண்ணிமைமேல் வைத்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணிமைக்குப் பொய் சொல்லத் தெரியாது. கொஞ்சம் கூடினாலும் சுரீரென்றது, கொஞ்சம் குறைந்தாலும் குளிர்ந்தது. சரியான சூட்டில் முட்டை இருக்கிறதே தெரியவில்லை, இமையோடு இமையாகிவிட்டது.

ஏழு மைல் தொலைவில் ஒரு கம்பெனிப் பண்ணையில் கரண்ட் இயந்திரம் வைத்துக்கொண்டு படித்தவர்கள் செய்கிற வேலையை, ஒன்பதாம் வகுப்போடு நின்ற ஒரு பெண் தன் கண்ணிமையால் செய்யத் தொடங்கினாள்.

ஏழாம் நோன்பன்று காரைதீவுக்கு நடந்துபோய் அன்னப்பிள்ளையிடம் சொன்னாள். அன்னப்பிள்ளை ஒரு கேள்வியும் கேட்காமல் முப்பது முட்டை எண்ணிக் கொடுத்தாள். ஹாஜறாவின் கோழியில் இருபது, தன்னுடையது முப்பது. மொத்தம் எண்பது. பிஸ்மி சொல்லி இறக்கினாள்.

ஒரு நாளைக்கு நாலு தரம் சூட்டுப்பை மாற்ற வேண்டும். விடியுமுன் சஹர் முடிந்து ஒன்று, லுஹருக்கு ஒன்று, நோன்பு துறக்குமுன் ஒன்று, இரவு தராவீஹ் முடிந்து ஒன்று. ஒவ்வொரு தரமும் மேல் அடுக்கைக் கீழே, கீழ் அடுக்கை மேலே போட்டு, எண்பது முட்டையையும் புரட்டி, அதில் எட்டுப் பத்தைக் கண்ணிமையில் வைத்துப் பார்த்து, வறுத்த உமியைப் பைகளில் கட்டி இறக்க வேண்டும். சித்திரை வெயிலில், நோன்போடு, அடுப்படியில் நின்று உமி வறுப்பதென்றால் தொண்டை ஓடாய்க் காய்ந்துவிடும். உமித்தூள் கண்ணிலும் மூக்கிலும் ஏறி அவளுக்கு இருமல் பிடித்தது. இரண்டு கண்ணிமையும் சிவந்து தடித்தன.

"கண்ணப் பார்றி கண்ண" என்றாள் ஹாஜறா. "ஆரும் கண்டா புருஷன் அடிச்சது எண்டுவாங்க. நானாவது கொஞ்சம் வறுக்கிறன், தள்ளு."

"முழங்கால் ராத்தா."

"முழங்காலாலயா வறுக்கிற? முக்காலியக் கொண்டா."

அப்படித்தான் ஹாஜறா உள்ளே வந்தாள். ஏச்சு நிற்கவில்லை, வறுக்கிற கையும் நிற்கவில்லை.

இன்ஸாப் மட்டும் தள்ளி நின்றான். வேலை கேட்டுக் கல்முனை, சாய்ந்தமருது, அறுகம்பே வரை சைக்கிளிலும் பஸ்ஸிலும் அலைந்தான். அறுகம்பேயில் கெஸ்ட்ஹவுஸ்கள் வெள்ளைக்காரரில்லாமல் பூட்டிக் கிடந்தன. சோர்ந்து வந்த ஒரு நாள் சொன்னான்: "கத்தாருக்குப் போறதுக்கு ஒரு ஏஜென்ட் ஆள் கேக்கிறான். பாஸ்போட்டுக்குக் குடுக்கப்போறன்."

"போங்க. வாணாமெண்டு சொல்லல்ல. ஆனா பெருநாள் கழிச்சிப் போங்க."

"ஏன்?"

"இருவத்தேழாம் நோன்புக்குக் கிட்டப் பொரிக்கும். நீங்க நிக்கணும்."

"பொரிக்கும் எண்டு எப்பிடிச் சொல்லுறாய்?"

"சொல்லல்ல. நீங்க நிக்கணும் எண்டுதான் சொல்லுறன்."

ஏழாம் நாள் வெளிச்சத்தில் பார்த்தபோது பதின்மூன்று முட்டை கூமுட்டை. அவற்றை எடுத்துவிட்டாள். மிச்சம் அறுபத்தேழிலும் நரம்பு ஓடியிருந்தது. அவள் யாருக்கும் சொல்லவில்லை. பெட்டியில் பதினொரு நாள் வரை ஓடியிருந்ததையும் அவள் பார்த்தவள்தானே.

பன்னிரண்டாம் நாள் அன்னப்பிள்ளை தலையில் ஓலைப்பெட்டியோடு வந்து இறங்கினாள். பஸ் இல்லை, நடந்தே வந்திருந்தாள். பெட்டிக்குள் தவிட்டில் புதைத்து இருபது முட்டை.

"இதையும் வை."

"அக்கா, முதல் வெச்சதே என்ன ஆகுமெண்டு தெரியா. அது பொரிக்கட்டும், புறகு தாங்க."

"கோழி உன்னக் கேட்டா முட்ட போடுது? அது போட்டுட்டு. வெயில்ல வெச்சிருந்தாக் கெட்டிரும். சமைச்சித் தின்னவும் மனசில்ல. வை புள்ள."

வைத்தாள். பழைய முட்டைகளுக்கு மேலே ஒரு பை புதிது.

பதினைந்தாம் நாள், அசருக்குப் பிறகு, மேற்கே அம்பாறை மலைப் பக்கமிருந்து மழை எழும்பியது. சித்திரையில் இடியோடு வருகிற மழை இரண்டு மணித்தியாலத்தில் ஓய்ந்துவிடும். அது ஓயவில்லை. காற்று குசினிக் கூரைத் தகரத்தில் இரண்டைப் பிரட்டிக்கொண்டு போனது. அடுப்பு நிறைய தண்ணீர். வறுக்கவென்று வைத்திருந்த உமிச் சாக்கு, அடுக்கியிருந்த விறகு, எல்லாம் நனைந்து கூழாகிவிட்டன. இன்ஸாப்பும் றுமைஸாவும் பீப்பாயை மட்டும் இழுத்து முன்வீட்டு அறைக்குள் கொண்டுவந்தார்கள். பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் நோன்பு துறந்தார்கள்.

சூட்டுப்பை மாற்றுகிற நேரம் போய்விட்டது. அடுத்த நேரமும் போனது. விடிந்தது, மழை விடவில்லை. இன்ஸாப் வீட்டுக் கதிரையொன்றின் காலை உடைத்து மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டப் பார்த்தான். புகைந்தது, பிடிக்கவில்லை. லுஹர் நேரமும் போனது. இருபது மணித்தியாலத்துக்கு மேல் ஒரு சூட்டுப்பையும் மாற்றவில்லை. ஹாஜறா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்து வந்தாள். மூன்று பேரும் பீப்பாயைச் சுற்றி இருந்தார்கள். ஹாஜறா அன்று ஏசவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"திறந்து பார்" என்றான் இன்ஸாப். "கிடங்கு வெட்டுறதெண்டா மழ விட்டதும் வெட்டுறன்."

றுமைஸா மூடியை எடுத்தாள். மேலே கிடந்த சூட்டுப்பை பச்சைத்தண்ணீராய்க் குளிர்ந்திருந்தது. அதை எடுத்து வைத்தாள். கீழே கையை விட்டாள். விட்ட கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"என்ன?"

அவள் திரும்பவும் கையை விட்டு, அடியில் கிடந்த பழைய முட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து இமையில் வைத்தாள். சுரீரென்றது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. சூட்டுப்பைகள் எல்லாம் குளிர்ந்து செத்துக் கிடந்தன. முட்டைகள் சுட்டன.

"ஆரு உமி வறுத்துப் போட்ட?" என்று கேட்டாள்.

"ஆரும் போடல்ல. விறகு எங்க கிடக்கு?"

அவள் ஒரு முட்டையோடு இன்ஸாப்பிடம் வந்தாள். "கண்ண மூடுங்க."

"என்னத்துக்கு?"

"மூடுங்க."

அவன் மூடினான். அவள் முட்டையை அவன் இமையில் வைத்தாள். கொத்துவேலைக்காரன், சுண்ணாம்பும் சீமெந்தும் தின்ற கைக்காரன், ஒரு பொருளையும் அந்த இடத்தில் வைத்துப் பார்த்தவனில்லை. காய்ச்சல் பிள்ளையின் நெற்றியை இமையில் வைத்ததுபோல் இருந்தது.

"இது சூட்டுப்பைச் சூடில்ல" என்றாள் றுமைஸா. "இதுகள்ற சூடு. உள்ள ரெத்தம் ஓடுது. எல்லாம் சேந்து தன்னத் தானே சூடாக்குதுகள். நாங்க உமி போடாட்டி என்ன. உமி வெளிய விடாமப் புடிச்சி வெச்சிரிக்கு, அவ்வளவுதான்."

ஹாஜறா நொண்டி நொண்டி வந்து, கேட்காமலே தன் இமையில் ஒன்றை வைத்தாள். "சுப்ஹானல்லாஹ்" என்று மெல்லச் சொன்னாள். பிறகு, "அப்ப அன்னப்பிள்ளைட முட்ட? அது நாலு நாள் முட்டதானே. அதுக்கேது ரெத்தம்?" என்றாள்.

அதை மூவரும் மறந்திருந்தார்கள். றுமைஸா புதிய பையைத் தேடி எடுத்தாள். பழைய முட்டைகளுக்கு மேலே கிடந்த பை. அதிலிருந்து ஒன்றை எடுத்து இமையில் வைத்தாள். அது சுடவில்லை, குளிரவுமில்லை. முட்டை இருக்கிறதே தெரியவில்லை.

"சரியா இருக்கு" என்றாள். "பெரியதுகள் சின்னதுகளுக்குக் குடுத்திருக்கு."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று பேரும் ஒரு பிளாஸ்டிக் பீப்பாயைச் சுற்றி நின்றார்கள், தொழுகை வரிசையில் நிற்கிற ஆட்களைப் போல.

அன்றிலிருந்து இன்ஸாப் கத்தார் கதையை எடுக்கவில்லை. பிரண்டுபோன தகரத்தைத் தேடி எடுத்துக் கூரையை அடித்தான். பதினெட்டாம் நாள் பழைய முட்டைகளைப் பீப்பாயிலிருந்து எடுத்து, தரையில் உமி பரப்பி, மேலே பழைய போர்வை போர்த்திக் கிடத்தினார்கள். போர்வையைக் கொஞ்சம் நீக்குவது, திரும்ப மூடுவது, இதுதான் வேலை. புதியதுகளுக்கு மட்டும் உமி வறுத்தார்கள்.

இருபதாம் நாள், அசர் தொழுதுவிட்டு வந்த ஹாஜறா போர்வைக்குப் பக்கத்தில் இருந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று கையை நிறுத்தினாள்.

"றுமைஸா. இஞ்ச வா. இதுகள் கதைக்குதுகள்."

றுமைஸா ஓடி வந்து காதை வைத்தாள். ஒரு ஓடும் உடையவில்லை. ஆனால் உள்ளேயிருந்து, மூடிய ஓட்டுக்குள்ளேயிருந்து, மெல்லிய கீச்சுச் சத்தம். ஒன்று சொன்னது, இன்னொரு மூலையிலிருந்து மற்றொன்று பதில் சொன்னது. பெட்டியில் அவள் இதைக் கேட்டதே இல்லை. காற்றாடி எப்போதும் இரைந்துகொண்டிருக்கும். ஆறு வருடமாகப் பொரிக்க வைத்தவளுக்கு, பிறக்குமுன்பே அவை ஒன்றையொன்று கூப்பிடும் என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்த நாள் விடியற்காலை முதல் ஓடு விரிந்தது. பொழுது சாயுமுன் போர்வைக்கடியில் ஐம்பத்தொரு குஞ்சு நின்றது. ஈரம் காய்ந்தவை மஞ்சள், கறுப்பு, புள்ளி என்று பஞ்சாகப் பொங்கின; காயாதவை தலையைத் தூக்க மாட்டாமல் கிடந்தன. பதினாறு பொரிக்கவில்லை. அந்தப் பதினாறையும் றுமைஸா ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒதுக்கினாள்.

"எத்தினய நமக்கு வெச்சிக்குவம்?" என்று கேட்டான் இன்ஸாப்.

"ஒண்டும் வெக்கல்ல. ஐம்பத்தொண்டும் ஆக்களுட."

"எல்லாத்தையுமா?"

"அப்பவும் காணா. மிச்சம் அடுத்த ஈட்டில."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் இமைகளைப் பார்த்துவிட்டு, "நான் கொண்டு போறன், நீ இரி" என்றான். அட்டைப்பெட்டிகளில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டு, சைக்கிளில் கட்டி, வீடு வீடாகப் போனான். றுஸ்னா தன் பங்கைக் கையில் வாங்கினாளாம். குஞ்சுகளைப் பிள்ளையின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய், ஒரு சுண்டு அரிசியை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, "றுமைஸா ராத்தாட்டக் குடுங்க" என்று மட்டும் சொன்னாளாம். மற்ற வீடுகளில் முட்டைகளைக் கொடுத்துவிட்டார்கள். இன்ஸாப் வேண்டாம் என்று சொல்லச் சொல்லச் சைக்கிள் பெட்டியில் அடுக்கினார்கள். போகும்போது ஐம்பத்தொரு குஞ்சோடு போனவன், வரும்போது நூற்று எழுபது முட்டையோடு, மேடு பள்ளம் பார்த்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து வந்தான்.

பெருநாள் காலை. பள்ளிவாசலில் தக்பீர் முழங்கிக்கொண்டிருந்தது. மத்ரஸாவில் தங்கிப் படிக்கிற மகள் நஸ்லியா முதல் நாள் வந்து இன்னும் உறக்கத்திலிருந்தாள். ஹாஜறா வட்டிலப்பம் இறக்கிவைத்திருந்தாள். குளித்து, வெள்ளைச் சாறன் உடுத்து, அத்தர் பூசி, தொழுகைக்குப் புறப்பட்ட இன்ஸாப் இருண்ட அறை வாசலில் நின்றான். உள்ளே றுமைஸா பீப்பாயைத் திறந்து, அன்னப்பிள்ளையின் முட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தின நாள் அதுக்கு?"

"பதின்மூணு. வந்து பாருங்க. அத்தர் மணம் முட்டைல படாம நில்லுங்க."

அவன் குனிந்தான். அவள் கைபேசியின் வெளிச்சத்தை முட்டையின் அடியில் வைத்து, மற்றக் கையால் சுற்றிப் பொத்தினாள். ஓடு முழுவதும் செம்மஞ்சளாக எரிந்தது. சிவப்பு நரம்புகள் வேர் வேராக நாலா பக்கமும் இறங்கியிருந்தன. நடுவில் ஒரு இருட்டு. இன்ஸாப் கண்ணை இன்னும் கிட்டக் கொண்டுபோனான். அந்த இருட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு, படுக்கையில் புரண்டு படுக்கிற பிள்ளையைப்போல், மெல்ல மறுபக்கம் புரண்டது.

"அசையுது புள்ள."

"ஓம்."

"உயிரோட அசையுது."

"ஓம். தொழுகைக்கு நேரமாகுது, போங்க."

தக்பீர் ஓங்கியது. வீதியில் ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போகிற சத்தம் கேட்டது. இன்ஸாப் நகரவில்லை. வெள்ளைச் சாறனை மடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உமியில் முழங்கால் ஊன்றினான்.

"இன்னொண்டு காட்டு" என்றான்.